வாழ்வு கொடுத்தவள்

தமிழில் 'வாழ்வு கொடுத்தல்' என்று ஒரு தொடர் உண்டு. கைம்பெண்ணை மணந்துகொண்ட ஆணைப் பற்றிச் சொல்வார்கள். நகை கேட்காமல் ஏழை வீட்டில் பெண் எடுத்தவனைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பெண் இருபது வருடம் அவனுக்குச் சோறாக்கி, துணி துவைத்து, பிள்ளை பெற்று, அவன் தாயைக் கடைசி நாள்வரை குளிப்பாட்டிவிட்டாலும் கணக்கு மாறாது. கொடுத்தவன் அவன், வாங்கியவள் அவள். ஒருநாள் அவன் சோற்றுத்தட்டைத் தூக்கி எறிந்தால்கூட, "என்ன இருந்தாலும் ஒனக்கு வாழ்வு குடுத்தவன்ல" என்று ஊர் வந்து சமாதானம் சொல்லும்.

போன வருடம் ஒரு காப்பகத்திலிருந்து நாய்க்குட்டி ஒன்றைத் தத்தெடுத்து ஆலங்குடிக்குக் கொண்டுவந்தபோது இதே தொடரை நாலைந்து பேர் என்னிடம் சொன்னார்கள். "பெரிய மனசு மேடம் ஒங்களுக்கு. ஒரு சீவனுக்கு வாழ்வு குடுத்திட்டீங்க" என்றார் கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்பவர். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த வாக்கியத்தின் எழுவாய் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். சொகுசான இடம்தான். அந்தச் சொகுசு எங்கிருந்து வருகிறது, யார் செலவில் வருகிறது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தத்து என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, மணமான பெண் தன் பெயரில் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. கணவன் தத்தெடுப்பான், மனைவி சம்மதிப்பாள். மணமாகாதவளோ கைம்பெண்ணோ மணவிலக்குப் பெற்றவளோ தானாகத் தத்தெடுக்கலாம். கணவனோடு வாழ்கிறவளுக்கு மட்டும் அது கிடையாது. 2010இல் வந்த திருத்தம்தான் அதை மாற்றியது. நான் அதற்கு முன்பே கல்லூரியில் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டேன். ஆக, சம்பளம் வாங்கி, வரி கட்டி, வாக்களித்துக்கொண்டிருந்த பல ஆண்டுகள், 'தத்தெடுக்கிறேன்' என்ற தன்மை ஒருமை வினைமுற்று சட்டப்படி எனக்கு உரியதாக இருக்கவில்லை. காப்பகத்துப் படிவத்தில் என் பெயரை எழுதியபோது இது நினைவுக்கு வந்தது. அந்தப் படிவம் கணவர் பெயர் கேட்கவில்லை.

திருச்சிப் பக்கம் புறவழிச்சாலை ஓரத்தில் உரச்சாக்குக்குள் கிடந்த நான்கு குட்டிகளில் ஒன்று அவள். நான்கும் பெண். அது தற்செயல் இல்லை என்று காப்பகத்தில் வேலை செய்யும் பெண் சொன்னார். நீண்ட முகம், ஒட்டிய வயிறு, குச்சிக் கால்கள், சாட்டை போன்ற வால், கருத்த உடம்பில் காலிலும் புருவத்திலும் பழுப்பு. கன்னி இனம், அல்லது கன்னியும் சிப்பிப்பாறையும் கலந்தது. இரண்டுமே தென்மாவட்டக் கரிசல் காட்டில் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை. மோப்பத்தைவிடக் கண்ணால் இரையைப் பின்தொடர்பவை. முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பிவிடும். முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிரும். பார்க்கிறவருக்கு நாய் ஓடுவதாகத் தெரியாது, யாரோ தரையைச் சுருட்டி இழுப்பதாகத் தெரியும்.

கன்னி என்ற பெயர் வந்ததற்குச் சொல்லப்படும் காரணம், மணப்பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீரில் ஒன்றாக இந்த நாயைக் கொடுத்தனுப்பினார்கள் என்பது. பித்தளைக் குடம், உரல், கறவை மாடு, அதோடு ஒரு நாய். தெரியாத ஊருக்குப் போகும் பெண்ணுக்குத் தெரிந்த முகம் ஒன்று இருக்கட்டும் என்று எந்தத் தாயாவது நினைத்திருக்கலாம். சீர்வரிசைப் பட்டியலில் நாய் பொருள். அதற்கு மேல் வரியில் பெண்ணும் ஒருவகையில் பொருள்தான். ஒரு பொருளுக்குத் துணையாக இன்னொரு பொருள்.

பெயர் வைப்பதில் என் படிப்பு குறுக்கே வந்தது. நாய்க்குச் சங்க நூல்களில் ஞமலி, ஞாளி என்று அழகான சொற்கள் உண்டு. ஞமலி என்று வைத்தேன். தெருப்பிள்ளைகளின் வாயில் ஒரே வாரத்தில் அது அமலி ஆகிவிட்டது. அதுவே நல்ல பெயர் என்று விட்டுவிட்டேன். நாய்க்குப் பெயர் இருப்பது தமிழில் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. தொறுப்பூசலில் இறந்த வீரனோடு சேர்ந்து கள்ளரைக் கடித்துக் காத்த நாயின் உருவமும், கோவிவன் என்ற அதன் பெயரும் கல்லில் உள்ளன. அந்த வீரனின் மனைவி பெயர் அந்தக் கல்லில் இல்லை.

தொல்காப்பியம் மக்களை மட்டும் உயர்திணை என்று வகுத்து மற்றெல்லாவற்றையும் அஃறிணையில் தள்ளியது உண்மை. ஆனால் அதன் மரபியலில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு செய்திகள் இருக்கின்றன. பெண் நாய்க்கும் பெண் பன்றிக்கும் 'பாட்டி' என்று பெயர் சொல்கிறது அது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆகும். இன்னொன்று, நாய், பன்றி, புலி, முயல் இந்த நான்கின் குட்டிகளுக்கும் 'குருளை' என்ற ஒரே பெயர். துரத்துகிற நாயின் குட்டிக்கும் துரத்தப்படுகிற முயலின் குட்டிக்கும் ஒரு சொல். யார் எதற்காகப் பிறந்தார்கள் என்பது அந்தச் சொல்லில் இன்னும் முடிவாகவில்லை.

ஆலங்குடியில் முடிவாகியிருந்தது. அமலி வந்த முதல் வாரத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "என்ன ஜாதி?"

தெருநாய் என்றால் நாட்டு நாய். காசு கொடுத்து வாங்குகிற, இனம் சொல்லக்கூடிய நாய் என்றால் 'ஜாதி நாய்'. தமிழ்நாட்டில் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். புதிதாக வந்த ஆசிரியரிடம் நேராகக் கேட்க முடியாமல், ஊர் எது, எந்தத் தெரு, எந்தக் கோயில், குலதெய்வம் எது என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிற அதே வாய்கள், நாயைப் பற்றி மட்டும் கூச்சமே இல்லாமல் ஒரே சொல்லில் கேட்டுவிடுகின்றன. கலப்பாக இருக்கலாம் என்றேன். கேட்டவரின் முகத்தில் அமலியின் மதிப்பு இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். "கலப்புன்னா வெல போகாது டீச்சர்." நான் விற்கப்போவதில்லை என்பது அவருக்கு ஒரு பதிலாகவே படவில்லை.

இனத்தூய்மை என்ற எண்ணம் நாய்களிடம் இயற்கையாக இல்லை. லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது 1873இல். யார் தாய், யார் தந்தை என்று நாய்களுக்கு வம்சாவளிப் புத்தகம் எழுதத் தொடங்கிய காலம் அது. வேலைக்காக வளர்த்த நாய்களைத் தோற்றத்துக்காக வளர்க்கத் தொடங்கியதும் அப்போதுதான். இங்கே ராஜபாளையம் நாய் 2005இல் அஞ்சல் தலையில் வந்தது. 2020இல் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். நாட்டு இனங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் பொருந்திய உடம்புகள் அவை. ஆனால் ஓர் இனத்தைத் தூய்மையாக வைத்திருப்பது என்றால் நடைமுறையில் என்ன? பெண்நாய் யாரோடு சேர வேண்டும் என்பதை முடிவு செய்வது. பருவம் வந்த நாட்களில் அவளைக் கொட்டிலில் பூட்டுவது. தவறிப்போய் தெருநாயோடு சேர்ந்துவிட்டால் அந்தக் குட்டிகளை இல்லாமல் ஆக்குவது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேறு ஏதாவது நினைவுக்கு வந்தால், அம்பேத்கருக்கும் அது தெரிந்திருந்தது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையில் அவர் சாதியின் அடிப்படையாக வைப்பது அகமண முறையைத்தான். ஒரு குழு தன்னைப் பூட்டிக்கொள்ள வேண்டுமானால் அதற்குள் ஆண் பெண் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். கணவன் இறந்துபோனால் மனைவி உபரி ஆகிவிடுகிறாள். உபரிப் பெண்ணை எரிக்கலாம், அல்லது மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கலாம். உடன்கட்டையும் கட்டாயக் கைம்மையும் பெண்குழந்தை மணமும் அந்தக் கணக்கிலிருந்து வந்தவை என்கிறார். உரச்சாக்கில் கிடந்த நான்கு பெண்குட்டிகளும் உபரி. வேட்டைக்கும் காவலுக்கும் ஆண் விலைபோகும். 'பொட்ட நாய்' வருடத்துக்கு இரண்டு முறை தெருவில் உள்ள ஆண்நாய்களையெல்லாம் வாசலுக்குக் கூட்டிவரும், வேலைக்கு ஆகாது.

இந்த இடத்தில் ஒரு தோழி என்னைக் கண்டித்தாள். "பொண்ணையும் நாயையும் ஒப்பிட்டு எழுதுறது ஒனக்கு ஈஸி. என்னை நாயேன்னு கூப்பிட்ட ஊர்ல வளர்ந்தவ நான்." அவள் சொன்னது சரி. நாயோடு ஒப்பிடப்படுவதன் வலி எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. கவிதையில் உருவகமாக வைத்துக்கொள்ளும் வசதி சிலருக்கு உண்டு. சிலருக்கு அது முதுகில் விழுந்த சொல். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்தபோது அதில் கருப்பி என்ற வேட்டைநாயைத் தண்டவாளத்தில் கட்டிக் கொன்றதைப் பார்த்து நாய்ப்பிரியர்கள் நிறையப் பேர் அழுதார்கள். கருப்பியை ஏன் கொன்றார்கள் என்பதற்கு அதே அளவு அழுதார்களா, தெரியவில்லை. நாயைக் கொன்றவர்களின் கோபம் நாயின் மீது இல்லை, அதை வளர்த்தவர்கள் அதே குளத்தில் குளிப்பதன் மீது. ஆகவே நான் பெண்ணை நாயோடு ஒப்பிடவில்லை. இருவரையும் பூட்டுகிற கை ஒன்றாக இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆறு மாதத்தில் அமலி எங்கள் வீட்டைப் பிரித்துப் போட்டுவிட்டாள். இரண்டு பாய், என் ஆய்வேட்டின் கட்டமைத்த பிரதி ஒன்று (அதை வாய்மொழித் தேர்வாளர்களுக்குப் பிறகு ஆர்வத்தோடு புரட்டியது அவள் ஒருத்திதான்), அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலிக் கால், தோட்டத்துக் கறிவேப்பிலைச் செடி. கொல்லையில் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று ஓடி மண்ணில் ஒரு தடமே விழுந்துவிட்டது. ஊரில் எல்லோரிடமும் இதற்கு மருந்து இருந்தது. கட்டிப்போடு. நாலு அடி போடு. எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்டது: "ஒரு ஈத்து ஈனட்டும், தானா அடங்கிரும்." இதே வாக்கியம், 'ஈத்து' என்ற சொல் மட்டும் மாறி, என் சித்தி மகளுக்குச் சொல்லப்பட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அவள் கபடி விளையாடுகிறவளாக இருந்தாள்.

அமலிக்கு இருந்தது திமிர் இல்லை, வேலையின்மை. பல தலைமுறையாக ஓடுவதற்கென்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய உடம்பு அது. பெரும்பாணாற்றுப்படையில் நாய்களை விட்டு முயலை வளைத்துப் பிடிக்கும் எயினர் வருகிறார்கள். அவ்வளவு பழைய தொழில். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையைக் குற்றமாக்கியது. முயலுக்கு அது நியாயம். ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பின் இந்த நாய், எந்த வேலைக்காகப் படைக்கப்பட்டதோ அந்த வேலை குற்றமாகிப்போன ஓர் உடம்போடு பிறக்கிறது. அந்த உடம்பை எடுத்துவந்து மூன்று சென்ட் வீட்டில் வைத்து, வேளைக்குச் சோறு போட்டு, 'வாழ்வு கொடுத்தேன்' என்று சொல்ல முடியுமா? வாழ்வு என்பது உயிரோடு இருப்பதா, அல்லது தன்னால் செய்ய முடிந்ததைச் செய்வதா?

விக்கி ஹெர்ன் என்ற அமெரிக்கக் கவிஞர் நாய், குதிரைப் பயிற்றுநராகவும் இருந்தவர். 1986இல் வந்த அவருடைய 'ஆடம்ஸ் டாஸ்க்' நூலும் பின்னர் எழுதிய கட்டுரைகளும் விலங்குரிமையாளர்கள் பலரைக் கோபப்படுத்தின. விலங்குக்கு வலியில்லாமல் பார்த்துக்கொள்வது மட்டும் அறமாகாது, திறமையோடு ஒரு வேலையைச் செய்வதில் கிடைக்கும் நிறைவு விலங்குக்கும் உண்டு, அதைப் பறிப்பதும் கொடுமை என்பது அவர் வாதம். டானா ஹராவே 2003இல் எழுதிய சிறு நூலில், நாயை மயிர்முளைத்த குழந்தையாக நினைப்பதும், நாய் நிபந்தனையில்லாத அன்பு தருகிறது என்று நம்புவதும் நாய்க்குச் செய்கிற அவமரியாதை என்கிறார். அவர் வளர்த்ததும் மந்தை மேய்க்கப் பிறந்த வகை. அதற்கு மந்தை இல்லை என்பதால், அதோடு சேர்ந்து தடை தாண்டும் விளையாட்டில் இறங்கினார்.

என் அம்மாவுக்கு இந்த இருவரையும் தெரியாது. ஐம்பது வருடம் நாற்று நட்டு, களையெடுத்து, கடலை ஆய்ந்து, முந்திரிக்கொட்டை உடைத்த கைகள் அவருடையவை. எனக்கு வேலை கிடைத்ததும், "இனிமே நீ ஒண்ணும் செய்ய வேணாம்மா, சும்மா ஒக்காரு" என்று டிவி முன்னால் உட்காரவைத்தோம். ஊர் எங்களைப் பாராட்டியது. இரண்டு வருடத்தில் அவருக்கு முட்டி வலியும் தூக்கமின்மையும் காரணமில்லாத எரிச்சலும் வந்தன. கொல்லையில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்த அமலியை ஒருநாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு எங்கிட்டாச்சும் வேல குடு. இல்லன்னா எனக்கு வந்த சீக்கு இதுக்கும் வரும்."

அப்படித்தான் விடியற்காலை ஓட்டம் தொடங்கியது. ஐந்து மணிக்கு நானும் அவளும் வீட்டை விட்டு இறங்குவோம். கடைத்தெருவில் டீக்கடை மட்டும் திறந்திருக்கும். அதைத் தாண்டி, ஊர் முடியும் இடத்தில் தைலமரக் காட்டை ஒட்டி அறுவடை முடிந்த கடலைக் கொல்லை ஒன்று. அதன் சொந்தக்காரரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். அங்கே நீண்ட கயிற்றில் விடுவேன். எனக்கு மூச்சு வாங்கும். அவளுக்கு ஆட்டம் அப்போதுதான் தொடங்கும். நாற்பது வயதுக்கு மேல், சேலையை விட்டு டிராக் பேன்ட்டுக்கு மாறி, ஆலங்குடிச் சாலையில் ஒரு பெண் ஓடலாம் என்பது எனக்கே செய்தி.

நாய் இல்லாமல் ஓடியிருக்க முடியுமா என்று கேட்டுப்பார்க்கிறேன். முடிந்திருக்காது. நாய் இருந்தால் "நாய ஓட்டிட்டுப் போறாங்க" என்பார்கள். நாய் இல்லாவிட்டால் "எங்க போறாங்க?" ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையைப் பற்றி எழுதி 2011இல் வந்த 'ஒய் லாய்டர்?' நூல் இதைத்தான் பேசுகிறது. பெண் பொதுவெளியில் இருக்க வேண்டுமானால் கையில் ஒரு காரணம் இருக்க வேண்டும்: காய்கறிப் பை, பள்ளிக் குழந்தை, கோயில் கூடை, காதில் போன். காரணமே இல்லாமல் நிற்கும் உரிமையைத்தான் அவர்கள் கேட்டார்கள். தமிழில் காரணமில்லாமல் வெளியே போகிறவளுக்கு 'ஊர்மேயுறவ' என்று பெயர். மேய்தல் விலங்கின் வினை. ஆணுக்கு ஊர்சுற்றி, அதில் கொஞ்சம் செல்லமும் இருக்கிறது. என் காரணத்துக்கு நான்கு கால், ஒரு வால். அமலி என்னைக் காப்பதாக நினைத்து ஊர் நிம்மதியாக இருக்கிறது. உண்மையில் அவள் முயலைத் தவிர யாரையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இதைச் சொல்லும்போது சைக்கிளைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டினார்கள், பி. சாய்நாத் அதை எழுதி நாடு அறிந்தது. என் அம்மா அப்போது முப்பத்தெட்டு வயதில் வாடகை சைக்கிளில் பழகியவர். இடுப்புக்குக் கீழே என்ன ஆகும், எங்கே போகப் பழகுகிறாள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நான் டிராக் பேன்ட்டோடு வாசல் இறங்கிய முதல் நாள், அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேசுவாளுக. ஒரு மாசம்தான் பேசுவாளுக" என்றார். சரியாக ஒரு மாதம்தான் பேசினார்கள்.

இதுவரை சொன்னதில் நானும் அமலியும் அம்மாவும் மட்டும் இருக்கிறோம். அறக்கேள்வி பெரும்பாலும் மூன்றாவது வீட்டில்தான் ஆரம்பிக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா கோழி வளர்க்கிறார். வீட்டுக்காரர் குடிப்பவர். கோழி முட்டையிலும் சேவலிலும் வருகிற காசு அவருடைய சிறுவாடு. அரிசிப்பானையில் ஒளித்துவைத்து, மகளின் பள்ளிக் கட்டணமும் தன் மாத்திரைச் செலவும் பார்க்கிற பணம். ஐந்தடிச் சுவரை அமலி நின்ற இடத்திலிருந்து தாண்டுவாள் என்பதை அந்த மாலைவரை யாரும் பார்த்ததில்லை. அடைகாக்கும் பெட்டைக்கோழி ஒன்றை அரை நிமிடத்தில் கவ்விவிட்டாள். அவளைப் பொறுத்தவரை பிறந்ததிலிருந்து காத்திருந்த வேலை அன்றுதான் கிடைத்தது. வாலை ஆட்டிக்கொண்டு கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

நான் கோழிக்கான விலையை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாங்கவில்லை. "காசு சரி டீச்சர். பதினோரு முட்டை அடையில கெடக்கே, அதுக்கு யாரு ஒக்காருவா? ஒங்க நாய்க்கு ஓட எடம் வேணும்னா, என் கோழிக்கு ஒக்கார எடம் வேணும்ல?"

விலங்கு அறம் பற்றி நான் படித்த புத்தகங்கள் எதிலும் இவ்வளவு துல்லியமான வாக்கியம் இல்லை. இரக்கம் என் வீட்டில் பிறந்தது, அதன் செலவு சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அதுவும் என்னைவிடக் குறைவாக வைத்திருக்கும் ஒரு பெண்ணின் கணக்கில். நாய் காப்பவர்களைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் இந்த அக்கா வருவதில்லை. வந்தால் மனமில்லாதவராக, விலங்கை வெறுப்பவராக வருகிறார். அவரும் விலங்கு வளர்ப்பவர்தான். அவருடைய விலங்குக்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான். சுவரை எட்டடியாக உயர்த்தினேன். அந்தப் பதினோரு முட்டைகளை அம்மா பழைய துணிக்கூடையில் வைத்து, தெருக்கோடியில் அடைக்குத் தயாராயிருந்த வேறொரு கோழியின் கீழ் வைத்துவிட்டு வந்தார். ஏழு குஞ்சு பொரித்தன. அம்மாவுக்கு அந்த மூன்று வாரமும் முட்டி வலிக்கவில்லை.

பிறகு கருத்தடை. கால்நடை மருத்துவர் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியானவை: கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் பின்னால் வராது, தெருவில் சாக்குமூட்டைகள் கூடாது, காப்பகத்துப் படிவத்திலும் நான் ஒப்புக்கொண்டிருந்தேன். ஆனாலும் அறுவை சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில் என் பேனா நின்றது. 'உரிமையாளர் கையொப்பம்' என்று இருந்தது. பெண்ணின் உடல் பெண்ணுக்கே என்று வகுப்பிலும் மேடையிலும் சொல்கிறவள், இன்னொரு பெண்ணுடலின் கருப்பையை எடுக்கச் சொல்லி உரிமையாளராகக் கையெழுத்திடுகிறேன்.

இந்தத் தயக்கத்தைச் சிலர் கேலி செய்யலாம். கருத்தடை என்ற சொல்லுக்கு நம் நாட்டில் இருக்கும் வரலாறு அவ்வளவு எளிதாகக் கேலிக்குள் அடங்காது. நெருக்கடிநிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துக் கட்டாயமாகச் செய்தார்கள், அரசு விழுந்தது. அதன்பின் அந்தச் சுமை சத்தமில்லாமல் பெண்ணுக்கு மாறியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடை 0.3 விழுக்காடு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பகுதியில் ஒரு முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்த எண்கள் தெரிந்த ஒருத்தியால் அந்தப் படிவத்தில் சாதாரணமாகக் கையெழுத்திட முடியாது.

ஆனாலும் கையெழுத்திட்டேன். அதற்கான காரணத்தை இப்படித்தான் சொல்லத் தெரிகிறது. தன் உடலைப் பற்றி முடிவு செய்யக்கூடிய ஒருத்தியிடமிருந்து முடிவைப் பறிப்பது வேறு. முடிவைச் சொல்லவே முடியாதவளுக்காக, நம்மால் உருவான உலகத்தில், யாரோ ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டியிருப்பது வேறு. முதலாவதற்கு அதிகாரம் என்று பெயர். இரண்டாவதும் அதிகாரம்தான், அதற்கு அன்பு என்று பெயர் மாற்றிக்கொள்ளாமல் இருப்பதுதான் என்னால் செய்ய முடிந்த நேர்மை. நான் அவளுக்கு நல்லது செய்தேனா என்று அவள் ஒருபோதும் சொல்லப்போவதில்லை. நன்றியுள்ள மிருகம் என்று நாயைச் சொல்வது நமக்கு வசதி. வாழ்வு கொடுத்தவனும் இந்த நன்றியைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

தையல் பிரிக்கும்வரை பத்து நாள் ஓடக்கூடாது என்றார்கள். அந்தப் பத்து நாளும் விடியற்காலையில் நான் தனியாக ஓடினேன். டீக்கடையில் ஒருவர், "நாய் எங்க டீச்சர்?" என்று கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றேன். அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஊரில் சிலர் அமலியை மலடாக்கிவிட்டதாக என்னைக் குறைசொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் சுவருக்கு மேலே ஒரு முக்காலியைப் போட்டு ஏறி நின்று, கொல்லையில் படுத்திருந்த அமலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எட்டடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் தலை மட்டும் தெரிந்தது. ராத்திரியில் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து சத்தம் போடும்போது, இவள் இங்கிருந்து குரைத்தால் அவர் அடங்கிவிடுகிறாராம். பிறகு கேட்டார்:

"அந்தக் காப்பகத்து நம்பர் இருக்கா டீச்சர்? பொட்டயா இருந்தாலும் பரவால்ல. கோழி புடிக்காத ஜாதியாப் பாத்துக் கேளுங்க."